நடு விசாரணையில் உறுப்பினரின் பதவிக்காலம் முடிந்தால்? மருத்துவ ஒழுங்கு வழக்குகள் பற்றிய இழை

#1 கருவேலம்

மருத்துவர்கள் மீதான ஒழுங்கு வழக்கைக் கேட்பவர்களின் பதவிக்காலம் பற்றி இங்கே துண்டுதுண்டாகப் பல இழைகளில் பேச்சு வந்திருக்கிறது. ஒரே இடத்தில் பேசிவிடலாம்.

இப்போது மூன்று படி: மாநில மருத்துவ கவுன்சில், அதன் மேல் டெல்லியில் நெறிமுறை மற்றும் மருத்துவப் பதிவு வாரியம், அதற்கும் மேல் தேசிய மருத்துவ ஆணையம். வாரியத்தில் இரு தரப்பு வாதமும் முடிந்து உத்தரவுக்காக ஒத்திவைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உத்தரவு வருவதற்குள், கேட்டவர்களில் இருவரின் பதவிக்காலம் முடிந்துவிடுகிறது. மிச்சமிருப்பவர்கள் உத்தரவு போடலாமா? புதிதாக வருபவர் கோப்பைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாமா? போனவரே பழைய தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டால்?

#2 கெசட்வாசி

முதலில் சட்டத்தில் உள்ள எண்களை வைத்துவிடுகிறேன். தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019, நடைமுறைக்கு வந்தது 2020 செப்டம்பர் 25.

வாரியத்துக்கு ஒரு தலைவர், இரண்டு முழுநேர உறுப்பினர்கள், இரண்டு பகுதிநேர உறுப்பினர்கள் (பிரிவு 17). தலைவருக்கும் முழுநேர உறுப்பினர்களுக்கும் அதிகபட்சம் 4 ஆண்டு, பகுதிநேரத்தாருக்கு 2 ஆண்டு. 70 வயது ஆனால் காலம் பாக்கி இருந்தாலும் பதவி போய்விடும் (பிரிவு 19). தலைவருக்கும் முழுநேரத்தாருக்கும் நீட்டிப்பும் கிடையாது, மறுநியமனமும் கிடையாது.

ஆணையத்தில் 33 பேர். தலைவர் ஒருவர், பதவி வழி உறுப்பினர்கள் 10, பகுதிநேர உறுப்பினர்கள் 22. அந்த 22-ல் 3 பேர் சட்டம், மேலாண்மை, நோயாளர் உரிமை போன்ற துறைகளிலிருந்து வருபவர்கள். தலைவரைப் போல இவர்களுக்கும் 4 ஆண்டு. மீதி 19 பேர் மருத்துவ ஆலோசனைக் குழுவில் உள்ள மாநிலப் பிரதிநிதிகளிலிருந்து எடுக்கப்படுபவர்கள்: 10 பேர், 9 பேர் என்று இரு பிரிவு, எல்லோருக்கும் 2 ஆண்டு. பதவி வழி உறுப்பினருக்குத் தனிக் காலம் இல்லை. அவர் வகிக்கும் மூலப் பதவி இருக்கும்வரை இங்கும் இருப்பார்.

"அதிகபட்சம் 4 ஆண்டு" என்பதை யாரும் சரியாகக் கவனிப்பதில்லை. நியமன ஆணையில் 3 ஆண்டு என்று போட்டிருந்தால் 3 ஆண்டுதான். ஆகவே யாருடைய காலம் என்று முடிகிறது என்பதைச் சட்டத்தைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். கெசட்டில் வந்த நியமன அறிவிக்கையை எடுங்கள், அதில் பொறுப்பேற்ற நாளிலிருந்தா, அறிவிக்கை நாளிலிருந்தா என்று பாருங்கள். இந்த இரண்டுக்கும் நடுவே சில வாரம் இடைவெளி இருந்தால் வழக்கே அந்த இடைவெளியில் விழக்கூடும்.

#3 மூன்றாம்_பெஞ்ச்

பழைய சட்டத்தோடு ஒப்பிட்டால்தான் இது ஏன் இப்படி எழுதப்பட்டது என்று புரியும்.

1956 இந்திய மருத்துவ கவுன்சில் சட்டத்தின் 7-வது பிரிவில், உறுப்பினர் 5 ஆண்டு பதவி வகிப்பார், அல்லது அவருக்குப் பதில் ஒருவர் தேர்ந்தெடுக்கப்படும்வரை அல்லது நியமிக்கப்படும்வரை வகிப்பார், இதில் எது நீளமோ அது என்று இருந்தது. அந்தக் கடைசிச் சொற்கள்தான் எல்லா வினைக்கும் வேர். ஒரு மாநிலத்தில் தேர்தல் நடக்காமல் இழுத்தடித்தால் போதும், பழையவர் சட்டப்படியே உட்கார்ந்திருப்பார். தேர்தலை நடத்தாமல் இருப்பதே சிலருக்கு லாபம் என்று ஆகிவிட்டது.

2010 மே மாதம் அவசரச் சட்டம் போட்டு கவுன்சிலையே கலைத்து, அதன் இடத்தில் நிர்வாகத்துக்கு ஆளுநர் குழு (Board of Governors) அமைத்தார்கள். 2018 செப்டம்பரில் மறுபடியும் அதே கதை. அந்த அனுபவத்தில் சூடுபட்டவர்கள் 2019 சட்டத்தை எழுதினார்கள். அதனால்தான் நீட்டிப்பு இல்லை, மறுநியமனம் இல்லை, அடுத்தவர் வரும்வரை தொடரலாம் என்ற வாசகமும் இல்லை. ஒரு ஓட்டையை அடைத்தார்கள், இன்னொன்று திறந்துகொண்டது. கருவேலம் கேட்டிருப்பது அந்த இரண்டாவது ஓட்டையைத்தான்.

#4 நாடித்துடிப்பு

மருத்துவர் தரப்பிலிருந்து ஒரு கருத்து. 4 ஆண்டு போதாது, அதிலும் பகுதிநேரத்தாருக்கு 2 ஆண்டு என்பது வேடிக்கை. ஒழுங்கு வழக்கு என்பது கேஸ் ஷீட், மயக்க மருந்துக் குறிப்பு, ஒப்புதல் படிவம், ஸ்கேன் நேரம் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக ஒத்துப் பார்க்கும் வேலை. அதோடு சான்று, குறுக்கு விசாரணை, இயற்கை நீதி என்று சட்டத்தின் பாஷை வேறு. அறுவை சிகிச்சையில் கரைகண்டவருக்கும் முதல் ஆறு மாதம் இது புது ஊர். கற்றுக்கொண்டு கை பழகும்போது காலம் முடிந்துவிடும். ஒருமுறையாவது மறுநியமனம் இருக்க வேண்டும்.

#5 பிரிவு_226

டாக்டர், கை பழகும் வாதம் நியாயம்தான். ஆனால் மறுநியமனம் வேண்டாம். காலத்தை 5 அல்லது 6 ஆண்டாக நீட்டிவிட்டு ஒரே முறை என்று வைக்கட்டும்.

தீர்ப்பாயங்களின் பதவிக்காலம் பற்றி உச்ச நீதிமன்றம் பல தடவை பேசிவிட்டது. 2017 விதிகளின் 3 ஆண்டு 2019-ல் ரோஜர் மேத்யூ வழக்கில் விழுந்தது. 2020 விதிகளில் 4 ஆண்டு போட்டார்கள். மெட்ராஸ் பார் அசோசியேஷன் வழக்கில் அந்த ஆண்டு நவம்பரில் அதை 5 ஆக்கச் சொன்னது நீதிமன்றம். 2021-ல் அவசரச் சட்டத்தின் மூலம் மீண்டும் 4, ஜூலையில் ரத்து. ஆகஸ்டில் தீர்ப்பாயச் சீர்திருத்தச் சட்டம் என்று அதே 4 மறுபடி வந்தது. 2025 நவம்பர் 19 அன்று அதுவும் போனது. வழக்கை நடத்தியது நம்ம சென்னை வழக்கறிஞர் சங்கம் என்பதால் சொல்லவில்லை, ஆனால் இந்தத் தொடர் தீர்ப்புகளைப் படிக்காமல் பதவிக்காலம் பற்றிப் பேசவே கூடாது.

அதில் திரும்பத் திரும்ப வரும் கவலை: காலம் குறைவு, மறுநியமனம் அரசின் கையில் என்ற இரண்டும் சேர்ந்தால், உறுப்பினர் கடைசி ஆண்டில் அரசின் முகத்தைப் பார்த்து உத்தரவு எழுதுவார். மருத்துவ வாரியம் அந்தச் சட்டத்தின் பட்டியலில் உள்ள தீர்ப்பாயம் அல்ல, ஆகவே தீர்ப்பு நேரடியாகப் பொருந்தாது. தர்க்கம் பொருந்தும். இங்கே மறுநியமனம் இல்லாததால் ஆபத்தில் பாதி குறைகிறது. நீங்கள் கேட்பதுபோல் மறுநியமனம் கொடுத்தால் அந்தப் பாதியும் திரும்பி வந்துவிடும். அரசு மருத்துவக் கல்லூரி சம்பந்தப்பட்ட வழக்கு ஒன்று வாரியத்தின் முன் நிற்கும்போது இது வெறும் ஏட்டுக் கவலையாக இருக்காது.

#6 கெசட்வாசி

இதில் ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். பிரிவு 6(5)-ன்படி உறுப்பினர் விலக விரும்பினால் 3 மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஆனால் மத்திய அரசு நினைத்தால் முன்னதாகவே விடுவிக்கலாம், அல்லது அடுத்தவர் நியமிக்கப்படும்வரை 3 மாதத்துக்கு மேலும் தொடரச் சொல்லலாம். பிரிவு 19 வழியாக இது வாரியத்துக்கும் பொருந்தும்.

அதாவது ராஜினாமா செய்தவரை இருக்கச் சொல்ல வழி இருக்கிறது. காலம் முடிந்தவரை ஒரு நாள்கூட இருக்கச் சொல்ல வழியில்லை! கடைசி மாதத்தில் ராஜினாமா கடிதம் வாங்கி வைத்துக்கொண்டு காலத்தை நீட்டலாமா என்று யாராவது கேட்பார்கள். முடியாது. 4 ஆண்டு என்ற உச்சவரம்பை அந்த விதிவிலக்கு தாண்டாது என்றுதான் படிக்க வேண்டும். நீட்டிப்பு கூடாது என்று 6(1)-லும் 19-லும் வெளிப்படையாகவே இருக்கிறது.

காலியிடத்தை நிரப்பக் கால அட்டவணையும் சட்டத்திலேயே உண்டு. பிரிவு 5-ன்படி இறப்பு, விலகல், நீக்கம் என்று இடம் காலியானால் ஒரு மாதத்துக்குள்ளும், காலம் முடிவதாக இருந்தால் அதற்கு முந்தைய 3 மாதத்துக்குள்ளும் அரசு தேடுதல் குழுவுக்கு எழுத வேண்டும். அந்தக் குழுவுக்குத் தலைவர் கேபினட் செயலர். ஒவ்வொரு இடத்துக்கும் குறைந்தது மூன்று பெயர் தர வேண்டும். கவனியுங்கள், காலக்கெடு இருப்பது எழுதுவதற்குத்தான். எழுதிய பிறகு எத்தனை நாளில் நியமிக்க வேண்டும் என்று கெடு இல்லை. கோப்பு தூங்குவது அந்த இடத்தில்.

#7 பிரிவு_226

கருவேலத்தின் கேள்விகளுக்கு வருகிறேன்.

கேட்டவர்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது 1959 குல்லப்பள்ளி நாகேஸ்வர ராவ் தீர்ப்பிலிருந்து வரும் விதி. ஒருவர் கேட்டு இன்னொருவர் முடிவெடுத்தால் நேரில் கேட்பது வெற்றுச் சடங்காகிவிடும் என்றது உச்ச நீதிமன்றம். அது பேருந்து வழித்தடங்களை நாட்டுடைமையாக்கிய வழக்கு, ஆனால் இன்றுவரை எல்லா ஒழுங்கு விசாரணைக்கும் அதுதான் அடித்தளம். எனவே வாதத்தைக் கேட்காத புதியவர் உத்தரவில் கையெழுத்திடுவது கோளாறு. திருத்தும் வழி சுலபம்: புதிய அமர்வு முன் வாதத்தை மட்டும் மறுபடி வைத்தால் போதும், சாட்சியைத் திரும்பக் கூப்பிட வேண்டியதில்லை. ஆவணங்களை மட்டும் வைத்து நடக்கும் மேல்முறையீட்டில் ஒரே அமர்வில் முடிந்துவிடும். சாட்சியின் நேர்மையே கேள்வியாக இருந்தால் மட்டும் முதலிலிருந்து கேட்கச் சொல்லலாம்.

மிச்சமிருப்பவர்கள் மட்டும் போடுவது? கேட்ட ஐவரில் மூவர் இன்னும் பதவியில் இருந்து, அந்த மூவரும் ஒரே முடிவில் இருந்தால் உத்தரவு நிற்க நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டே பேர் மிஞ்சினால் நான் துணிந்து சொல்லமாட்டேன்.

போனவர் கையெழுத்து: பதவி போன மறுநாள் போட்ட கையெழுத்துக்கு மதிப்பு இல்லை. பழைய தேதி போட்டால் அது வேறு வகைக் குற்றமாகிவிடும். உத்தரவின் தேதியும் அனுப்பிய தேதியும் வெகுதூரம் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆர்.டி.ஐ. போட்டு நடவடிக்கைக் குறிப்பேடு, கோப்பின் குறிப்புப் பக்கங்கள், அனுப்புகைப் பதிவேடு மூன்றையும் கேளுங்கள். மூன்றில் ஒன்றாவது உண்மையைச் சொல்லும்.

நடைமுறையில் முக்கியம் இதுதான்: ஒவ்வொரு வாய்தாவிலும் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று அன்றைக்கே குறித்து வையுங்கள். காணொளி வழி நடந்தால் திரையில் இருந்த பெயர்களையும் நேரத்தையும். ஒத்திவைத்து இரண்டு மாதமாகியும் உத்தரவு வரவில்லை, ஒருவரின் காலம் முடியப் போகிறது என்றால் அரைப் பக்க மெமோ கொடுங்கள். வழக்கு எண், ஒத்திவைத்த தேதி, இன்னாருடைய காலம் இன்ன தேதியில் முடிகிறது, அதற்குமுன் உத்தரவு பிறப்பிக்க வேண்டும், இல்லையேல் புதிய அமர்வில் வாதம் வைக்க வாய்ப்பு வேண்டும். ஒப்புகை முத்திரை வாங்குங்கள். தோற்ற பிறகு முதல்முறையாக "அமர்வு சரியில்லை" என்று கிளம்பினால், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள் என்று நீதிமன்றம் திருப்பி அனுப்பும்.

#8 ரொறன்ரோ_பக்கம்

இஞ்ச ஒன்ராறியோவில இதுக்கு ஒரு நேர்த்தியான ஏற்பாடு இருக்கு. சட்டபூர்வ அதிகார நடைமுறைச் சட்டத்தின்ர 4.3-ம் பிரிவு: விசாரணையில பங்குபற்றின உறுப்பினரின்ர காலம் முடிவு சொல்ல முன்னம் முடிஞ்சுபோனால், அந்த முடிவில பங்குபற்றுறதுக்கு மட்டும் அவரின்ர காலம் தொடர்ந்ததா எடுத்துக்கொள்ளப்படும். வேற எதுக்கும் இல்லை. 4.4, விசாரணை துவங்கின பிறகு ஒருவரால தொடர ஏலாமப் போனால் மிச்ச ஆக்கள் முடிச்சுத் தீர்ப்புச் சொல்லலாம் எண்டு சொல்லுது.

புது வழக்கு எடுக்க ஏலாது, கூட்டத்தில வாக்களிக்க ஏலாது. கையில இருக்கிற வழக்கை முடிச்சுக் குடுத்திட்டுப் போக வேண்டியதுதான். ஆளை நிரந்தரமா இருத்தி வைக்கிற ஆபத்தும் இல்லை, வழக்குத் தொடுத்தவரை முதல்லயிருந்து அலைக்கழிக்கிறதும் இல்லை.

#9 கருவேலம்

அருமை. நம் சட்டத்தில் இதற்கு இணையாக ஏதாவது?

#10 பிரிவு_226

பதவிக்காலம் பற்றிய 6, 19 இரண்டிலும் அப்படி ஒரு வரி கிடையாது. சேர்க்க வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் நான் இதைத்தான் சேர்ப்பேன், 4-ஐ 5 ஆக்குவதைவிட முன்னால். ரொறன்ரோ அண்ணன் சொன்னதில் ஒரு திருத்தம் மட்டும் போடுவேன்: முடிவு சொல்ல வெளிவரம்பு, 90 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரம்பு இல்லாவிட்டால் 1956 சட்டத்தின் பேய் சின்ன உருவில் திரும்பி வரும்.

#11 மூன்றாம்_பெஞ்ச்

எல்லோரும் வாரியத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். பெரிய பள்ளம் ஆணையத்தில் இருக்கிறது.

வாரியத்தின் முடிவை எதிர்த்து மருத்துவர் 60 நாளுக்குள் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு போகலாம், பிரிவு 30(4). ஆணையத்தின் கூட்டத்துக்குக் கோரம் (quorum, அதாவது கூட்டம் நடக்கக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற எண்ணிக்கை), தலைவர் உட்பட மொத்த உறுப்பினர்களில் பாதி. 33-ல் பாதி 16.5, ஆக 17 பேர். இப்போது கெசட்வாசி தந்த எண்களைக் கூட்டிப் பாருங்கள். 2 ஆண்டுக் காலத்தார் 19 பேரும் ஒரே சமயத்தில் நியமிக்கப்பட்டிருந்தால் ஒரே சமயத்தில் வெளியேறுவார்கள். மிஞ்சுவது தலைவர் 1, பதவி வழி 10, நான்காண்டுக்காரர் 3. மொத்தம் 14. அத்தனை பேரும் ஒருவர் விடாமல் வந்தாலும் கோரம் இல்லை.

#12 நாடித்துடிப்பு

மொத்த உறுப்பினர் என்றால் பதவியில் இருப்பவர்கள் என்று எடுத்தால்? 14-ல் பாதி 7 தானே.

#13 மூன்றாம்_பெஞ்ச்

அப்படி வாதாடலாம், வாதாடுவார்கள். எனக்கு அது பலவீனமாகத் தெரிகிறது. அந்த வழியில் போனால் நான்கு பேர் மட்டும் பதவியில் இருக்கும்போது இருவர் கூடி ஒரு மருத்துவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம் என்று ஆகும். கோரம் எதற்காக வைக்கப்பட்டதோ அதையே அது தின்றுவிடும். இன்னொன்று, காலியிடம் இருப்பதாலேயே நடவடிக்கை செல்லாததாகிவிடாது என்று இத்தகைய சட்டங்களில் பொதுவாக ஒரு பிரிவு வைப்பார்கள். அது காலியிடக் கோளாறைத்தான் மூடும், கோரக் குறைவை மூடாது. இரண்டையும் குழப்பிப் பதில் மனு போடுவது அரசுத் தரப்பின் வழக்கம்.

தீர்வு சட்டத் திருத்தம்கூட இல்லை. 10 பேரையும் 9 பேரையும் ஓர் ஆண்டு இடைவெளியில் நியமித்தால் எந்த நேரத்திலும் குறைந்தது 14 + 9 = 23 பேர் இருப்பார்கள்.

நியூசிலாந்தில் இந்தச் சிக்கலே எழாதபடி அடிப்படையை வேறாகக் கட்டியிருக்கிறார்கள். 2003-ம் ஆண்டுச் சட்டப்படி அங்கே மருத்துவர், செவிலியர், பல் மருத்துவர் எல்லோருக்கும் ஒரே ஒழுங்குத் தீர்ப்பாயம். சுகாதார அமைச்சர் ஒரு பெரிய பெயர்ப்பட்டியலை வைத்திருப்பார். ஒவ்வொரு வழக்குக்கும் சட்டம் படித்த தலைவர் அல்லது துணைத்தலைவர் ஒருவர், குற்றம் சாட்டப்பட்டவரின் அதே தொழிலைச் சேர்ந்த மூவர், தொழிலுக்கு வெளியே உள்ள பொதுநபர் ஒருவர் என்று ஐவரை அதிலிருந்து எடுப்பார்கள். பட்டியலில் பத்துப் பேரின் காலம் முடிந்தாலும் அமைப்பு நிற்காது. நம்மிடம் ஐவரே முழு வாரியம். இருவர் போனால் கட்டில் காலில் இரண்டு போன மாதிரி.

#14 தென்கரை

ஒரு சந்தேகம். ஒருவருடைய நியமனமே செல்லாது, அல்லது காலம் முடிந்தும் இருந்தார் என்று பின்னால் தெரிந்தால், அவர் உட்கார்ந்து போட்ட பழைய உத்தரவெல்லாம் போச்சா?

#15 பிரிவு_226

போகாது, பெரும்பாலும். 1981 கோகராஜு ரங்கராஜு வழக்கில் ஆந்திராவின் சில செஷன்ஸ் நீதிபதிகளின் நியமனம் ரத்தான பிறகும் அவர்கள் சொன்ன தீர்ப்புகள் நின்றன. பதவியின் தோற்றத்தோடு, நிஜமாகவே அந்த வேலையைச் செய்தவரின் செயலைச் சட்டம் காப்பாற்றுகிறது. அந்தக் காப்பு பொதுமக்களுக்காக. பதவியில் ஒட்டிக்கொண்டவருக்காக அல்ல. நியமனத்தைத் தாக்க வேண்டுமானால் குவோ வாரண்டோ ரிட் (எந்த உரிமையில் இந்தப் பதவியில் இருக்கிறாய் என்று கேட்கும் மனு) போட்டு நேராகத் தாக்க வேண்டும், தண்டனை உத்தரவுக்கு எதிரான மேல்முறையீட்டில் பக்கவாட்டில் நுழைத்துத் தாக்க முடியாது.

ஆனால் இதை நம்பி அலட்சியமாக இருக்காதீர்கள். காலம் முடிந்தது ஊருக்கே தெரியும், மெமோவும் கொடுக்கப்பட்டிருக்கிறது, அதன் பிறகும் அவர் உட்கார்ந்தார் என்றால் அந்தக் காப்பு மிகவும் மெலிந்துவிடும்.

#16 தென்கரை

நன்றி. காலம் முடிந்து போகிறவர் நேராகத் தனியார் மருத்துவக் கல்லூரியில் போய்ச் சேரலாமா?

#17 கெசட்வாசி

அவர் கையாண்ட விவகாரம் எதிலாவது சம்பந்தப்பட்ட தனியார் மருத்துவ நிறுவனமாக இருந்தால் 2 ஆண்டு கூடாது, ஆலோசகராகக்கூட (6(7)). அரசு நிறுவனத்துக்குத் தடையில்லை. ஆனால் அடுத்த உட்பிரிவிலேயே மத்திய அரசு அனுமதி தந்தால் சேரலாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். மறுநியமன ஆசையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அனுமதிக் கடித ஆசையை வைத்த மாதிரி இருக்கிறது. என் பார்வையில் 6(8) இருக்கவே கூடாது.

#18 கருவேலம்

கடைசியாக ஒன்று. 70 வயது வரம்பு. அரசு ஊழியர் மாதிரி பிறந்தநாள் வரும் மாதத்தின் கடைசி நாள் வரை இருக்கலாமா?

#19 கெசட்வாசி

இல்லை. மாதக் கடைசி என்பது மத்திய அரசு ஊழியருக்கு அடிப்படை விதி 56 தரும் சலுகை. இந்தச் சட்டத்தில் "70 வயது அடைந்தபின்" என்று மட்டும்தான் இருக்கிறது, மாதக் கடைசி இல்லை. அடைவது எந்த நாள் என்பதிலும் ஒரு முடிச்சு உண்டு. பிறந்த நாளையே முழு நாளாகக் கணக்கில் எடுக்க வேண்டும், ஆகவே குறிப்பிட்ட வயது பிறந்தநாளுக்கு முந்தைய நாளோடு நிறைவடைகிறது என்று 1986 பிரபு தயாள் செஸ்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

உதாரணமாக 1958 ஆகஸ்ட் 14-ல் பிறந்தவர் 2028 ஆகஸ்ட் 13-ம் தேதியோடு 70 முடிக்கிறார். ஆகஸ்ட் 14 காலையில் கேக் வெட்டலாம், உத்தரவில் கையெழுத்துப் போடக் கூடாது. நியமன அறிவிக்கையில் பிறந்த தேதி இருக்காது, ஆர்.டி.ஐ. கேட்கும்போது பிறந்த தேதியைக் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுப்பார்கள். "இன்னார் வயது வரம்பால் பதவி விலகும் தேதி" என்று கேளுங்கள், அது அலுவலகத் தகவல், மறுப்பது கடினம்.